பறை அடித்துக் கூட்டுவதா, டீக்கடையில் போய் நிற்பதா?

உலக எய்ட்ஸ் தினமான டிசம்பர் 1-க்கு இரண்டு மாதம் இருக்கும்போதே எங்கள் குழுவில் சண்டை ஆரம்பித்துவிடும். திருப்பூரில் வேலை செய்யும் இளைஞர்களிடம் எச்.ஐ.வி. தடுப்பைப் பற்றித் தெருவில் இறங்கிப் பேசவேண்டும் என்பதில் எல்லாருக்கும் சம்மதம். எப்படிப் பேசுவது என்பதில்தான் தகராறு. கலைக்குழுவைக் கூட்டிவந்து நாடகம் போடலாம் என்பார் ஒருவர். பேருந்து நிலையத்தில் மேசை போடலாம் என்பார் இன்னொருவர். பரிசோதனை வேன் கேட்டு வாங்கலாம் என்று மூன்றாமவர் சொல்வார். டீக்கடையில் போய் நின்று பேசினால் போதும் என்று சொல்லும் ஆள் நான். நாலையும் செய்து பார்த்திருக்கிறோம், நாலிலும் சொதப்பியிருக்கிறோம். கையில் கொஞ்சம் பணமும் ஏழெட்டு ஆட்களும் வைத்துக்கொண்டு இதே முடிவை எடுக்க உட்காரும் யாருக்காவது எங்கள் அனுபவம் உதவலாம்.

முதலில், யாரிடம் பேசப் போகிறோம்? பதினெட்டு, பத்தொன்பது வயதில் தேனியிலிருந்தும் ராமநாதபுரத்திலிருந்தும் பனியன் கம்பெனிக்கு வந்த பையன்கள். ஒடிசா, பீகார், ஜார்க்கண்டிலிருந்து ரயிலில் வந்து இறங்கியவர்கள். லைன்வீட்டில் ஒரே அறையில் நாலைந்து பேர். வாரம் முழுக்க ஒன்றரை ஷிப்டு, சனிக்கிழமை சம்பளம், ஞாயிற்றுக்கிழமை மதியத்துக்கு மேல் காதர்பேட்டையிலும் ரயில் நிலையத்தைச் சுற்றியும் கால் வைக்க இடமிருக்காது. கல்லூரிகளில் எச்.ஐ.வி. விழிப்புணர்வுக்கென்று செஞ்சுருள் சங்கம் இருக்கிறது, அங்கே படிக்கிற பிள்ளைகளுக்கு யாராவது வந்து சொல்லிவிட்டுப் போவார்கள். பத்தாவதோடு நிறுத்திவிட்டுக் கைமடிக்கும் செக்கிங்குக்கும் வந்தவனுக்கு அந்தக் கதவு இல்லை. அவனைத் தெருவில்தான் பிடிக்க முடியும், அதுவும் வாரத்தில் ஒரே ஒரு மாலை.

அவனுக்கு ஒன்றுமே தெரியாது என்று நினைத்துக்கொண்டு போவது தப்பு. எய்ட்ஸ் என்ற சொல் எல்லாருக்கும் தெரியும். ஆனால் ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு (2019-21) ஒரு சின்னச் சோதனை வைத்தது. காண்டம் தடுக்கும், தொற்றில்லாத ஒரே துணையோடு இருந்தால் ஆபத்து குறையும், பார்க்க நன்றாக இருப்பவருக்கும் தொற்று இருக்கலாம் என்ற மூன்றும் தெரிந்திருக்கவேண்டும். கொசுக்கடியால் வரும் என்பது போன்ற பரவலான இரண்டு தவறான நம்பிக்கைகளும் இருக்கக்கூடாது. இந்தியா முழுவதும் 15 முதல் 49 வயதுக்குள், இதில் முழுசாகத் தேறியவர்கள் பெண்களில் 21.6 சதவீதம், ஆண்களில் 30.7 சதவீதம்.

இன்னொரு விஷயமும் உண்டு. இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதலில் கண்டுபிடிக்கப்பட்டது 1986-இல், நம் சென்னையில்தான். டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் செய்த வேலை அது. அதற்கப்புறம் வந்த பதினைந்து இருபது வருடம் ஊரே பயந்து கிடந்தது. 2004 ஏப்ரலில் கிருமியைக் கட்டுப்படுத்தும் கூட்டு மருந்தை அரசு இலவசமாகக் கொடுக்கத் தொடங்கியது, தாம்பரம் மருத்துவமனை அதன் முதல் மையங்களில் ஒன்று. இப்போது இருபது வயதில் இருக்கிறவன் எய்ட்ஸால் ஆள் செத்துப் பார்த்ததில்லை. பழைய பயமும் அவனிடம் இல்லை, பயத்தின் இடத்தில் வந்து உட்கார்ந்திருக்கவேண்டிய அறிவும் இல்லை. நாலு வழியில் எது நல்லது என்று பார்க்கும்போது இதை மனதில் வைத்துக்கொள்ளவேண்டும்.

வீதி நாடகத்தை எடுத்துக்கொள்வோம். இதற்கு ஓட்டு போடுகிறவர்கள்தான் எங்கள் குழுவில் அதிகம், காரணமும் இருக்கிறது. நாலு பறை, ஒரு கரகம், சிரிக்கவைக்கிற கோமாளி இருந்தால் பத்தே நிமிடத்தில் முந்நூறு பேர் நிற்பார்கள். காவல் நிலையத்தில் அனுமதி வாங்கினால் போதும், மேடை வேண்டாம், மின்சாரம் வேண்டாம். அதைவிட முக்கியம், 'காண்டம்' என்ற சொல்லை ஒரு பொது இடத்தில், அம்மாக்களும் பெரியவர்களும் நிற்கும்போது, சிரிப்போடு உரக்கச் சொல்லிவிட முடிகிறது. அந்தச் சொல் ஒருமுறை தெருவில் விழுந்துவிட்டால் அடுத்த வாரம் நாம் போய் அதைச் சொல்லும்போது யாரும் முறைப்பதில்லை. இந்த ஒன்றுக்காகவே நாடகத்துக்குச் செலவு செய்யலாம் என்று நானே சில சமயம் நினைப்பதுண்டு.

ஆனால் கதை! எல்லாக் குழுவும் ஒரே கதையைத்தான் வைத்திருக்கும். நல்ல பையன், கெட்ட நண்பர்கள், ஒரு ராத்திரி, இருமல், இளைப்பு, மனைவி கதறல், பாடை. நாங்களும் அதைத்தான் போட்டோம். எங்களோடு வேலை செய்யும் ஒரு அக்கா, பல வருடமாக எச்.ஐ.வி.யோடு வாழ்பவர், நாடகம் முடிந்ததும் என்னிடம் வந்து, "நான் இன்னும் சாகலீங்களே, தம்பி" என்றார். கோபமாகக்கூட இல்லை. அவர் தினமும் ஒரு மாத்திரை போட்டுக்கொண்டு ஓவர்லாக் தைத்துக்கொண்டிருக்கிறார். மாத்திரையை விடாமல் எடுத்து ரத்தத்தில் கிருமியின் அளவு கண்டறிய முடியாதபடி குறைந்துவிட்டால், உடலுறவு வழியாக அவரிடமிருந்து இன்னொருவருக்கு அது பரவாது. இது உறுதியான அறிவியல். பாடையில் முடிகிற கதை இதைப் பொய்யாக்குகிறது. கூட்டத்தில் ஏற்கனவே தொற்று உள்ளவன் ஒருவன் நின்றிருந்தால், 'பரிசோதனைக்குப் போகாதே, தெரிந்துகொள்ளாமலே இரு' என்று அவனுக்குச் சொல்லிவிட்டு வருகிறோம்.

அதன்பின் கதையை மாற்றினோம். இப்போதைய நாயகன் அரசின் எச்.ஐ.வி. பரிசோதனை, ஆலோசனை இடமான நம்பிக்கை மையத்துக்குப் போகிறான், மாத்திரை சாப்பிடுகிறான், கடைசிக் காட்சியில் சம்பள உயர்வுக்கு மேஸ்திரியோடு சண்டை போடுகிறான். கைதட்டு குறையவில்லை.

நாடகத்தின் இன்னொரு குறையைக் கதையை மாற்றிச் சரிசெய்ய முடியாது. முடிந்ததும் "யாருக்காவது சந்தேகம் இருக்கா?" என்று கேட்டால் முந்நூறு பேரில் ஒரு கை உயராது. உயர்த்தினால் பக்கத்தில் நிற்கிறவன் என்ன நினைப்பான்? ஒருமுறை எல்லாம் முடிந்து, பறையைத் துணியில் சுற்றிக்கொண்டிருக்கும்போது ஒரு பையன் வந்தான். அரைமணி நேரமாகப் பூக்கடைக்குப் பின்னால் நின்றிருக்கிறான். "அண்ணே, ஒரே ஒரு தடவதான். வந்திருக்குமா?" என்று கேட்டான். அந்த நாடகத்தால் கிடைத்த ஒரே கேள்வி அது. நாங்கள் பத்து நிமிடம் முன்பே வண்டி ஏறியிருந்தால் அதுவும் கிடைத்திருக்காது. அப்புறம், மொழி. காதர்பேட்டையில் ஞாயிறு மாலை நிற்கும் கூட்டத்தில் பாதிப் பேருக்கு நம் கோமாளியின் நகைச்சுவை புரியாது. பறைக்காக நின்றுவிட்டுப் போய்விடுவார்கள்.

மேசை போடுவதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பேனர், துண்டுப் பிரசுரம், சிவப்பு ரிப்பன், ரிப்பன் குத்திவிட இரண்டு மாணவிகள். வருகிறவர்கள் யாரென்று பார்த்தால் பேருந்துக்குக் காத்திருக்கும் பெரியவர்கள், இலவசமாக ஏதோ தருகிறார்கள் என்று வரும் குழந்தைகள். நாம் எதிர்பார்க்கும் பையன் அந்த மேசைக்கு இருபதடி முன்பே சாலையின் மறுபக்கம் மாறிவிடுவான். பிரசுரத்தில் பாதி சாக்கடையில் கிடக்கும், மீதியில் பஜ்ஜி எண்ணெய் ஒற்றுவார்கள். ஒருமுறை பக்கத்துக் கடைக்காரர் வியாபாரம் கெடுகிறது என்று கிளப்பியும் விட்டுவிட்டார். அவர் சொன்னதும் நியாயம்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மேசையில் உருப்படியானது ஒன்றுதான், காண்டம் செயல்விளக்கம். காண்டம் என்றால் என்னவென்று எல்லாருக்கும் தெரியும், சரியாகப் போடத் தெரிந்தவர்கள் குறைவு. காலாவதித் தேதி பார்ப்பதில்லை. பர்ஸில் மாதக்கணக்கில் வைத்துச் சூட்டில் கெடுப்பார்கள். பல்லால் கிழிப்பார்கள். நுனியில் காற்றை அழுத்தி எடுக்கவேண்டும் என்று சொன்னால் ஆச்சரியப்படுவார்கள். இரட்டைப் பாதுகாப்பு என்று இரண்டு போடுவார்கள், உரசிக் கிழிந்துவிடும். தேங்காய் எண்ணெய் தடவுவது நம் பக்கத்தில் ரொம்ப சாதாரணம், எண்ணெய் பட்டால் ரப்பர் பலவீனமாகிப் போகும், நீர் கலந்த ஜெல்தான் தடவவேண்டும். இதையெல்லாம் மர மாதிரியை வைத்துக் காட்டினால் ஒருவன் வாழ்நாளுக்கும் மறக்கமாட்டான். ஆனால் பேருந்து நிலையத்தில் அந்த மர மாதிரியை எடுத்து வைத்ததும் கூட்டம் இரண்டாகும், செல்போனில் படம் எடுக்கிறவர்களாகவும் ஓடுகிறவர்களாகவும். லைன்வீட்டு அறைக்குள் எட்டுப் பேர் முன்னால் காட்டவேண்டிய விஷயத்தை நடுத்தெருவில் காட்டக்கூடாது.

பரிசோதனை வேன் விஷயத்தில் என் மனம் ஒரு பக்கமாக நிற்பதில்லை. நம்பிக்கை மையத்தில் பரிசோதனை இலவசம், ரகசியம் காப்பார்கள், ஆற்றுப்படுத்துநர் பொறுமையாகப் பேசுவார். ஆனால் அது திறந்திருக்கும் நேரம் முழுக்க இவன் மெஷினில் உட்கார்ந்திருக்கிறான். போகவேண்டுமென்றால் ஒரு ஷிப்டு சம்பளம் போகும், மேஸ்திரியிடம் காரணமும் சொல்லவேண்டும். ஞாயிற்றுக்கிழமை மாலை வேன் வந்து நின்றால் அந்தச் சிக்கல் தீர்ந்தது. விரல் நுனியில் ஒரு சொட்டு ரத்தம் போதும், முடிவும் அங்கேயே தெரிந்துவிடும்.

சிக்கல் இரண்டு. தெருவில் போகிற வருகிற இளைஞர்களையெல்லாம் பரிசோதித்தால் என்ன கிடைக்கும் என்று ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். நாட்டில் வயது வந்தவர்களில் தொற்றுள்ளவர்கள் ஏறக்குறைய 0.2 சதவீதம், அதாவது ஐந்நூறு பேரில் ஒருவர். அந்த ஒருவருக்காக நானூற்றித் தொண்ணூற்றொன்பது பேரை வரிசையில் நிறுத்துகிறோம். ஆபத்து அதிகமாக உள்ள இடம் எதுவென்று தெரிந்து அங்கே நிறுத்தினால் வேனுக்கு அர்த்தம் உண்டு. நாமக்கல்லில் தடுப்பு வேலை செய்தவர்கள் லாரிகள் நிற்கும் இடங்களைத் தேடிப் போனதன் நியாயம் அதுதான். அந்த இடம் எது என்று நமக்கு எப்படித் தெரியும்? அங்கே புழங்குகிற ஆள் சொன்னால்தான் தெரியும். ஆக, வேனுக்கு முன்னால் டீக்கடை வேலை நடந்திருக்கவேண்டும்.

இரண்டாவது சிக்கல் அந்த வேனின் படி. ஏறும்போது யாரும் கவனிப்பதில்லை, இறங்கும்போது எல்லாரும் முகத்தைப் பார்ப்பார்கள். உள்ளே இருபது நிமிடத்துக்கு மேல் இருந்தால் ஊரே ஒரு முடிவுக்கு வந்துவிடும். வேனில் செய்வது முதற்கட்டச் சோதனைதான், அதில் 'இருக்கிறது' என்று காட்டினால் நம்பிக்கை மையத்தில் வெவ்வேறு முறையில் மூன்று பரிசோதனை செய்த பிறகுதான் உறுதியாகச் சொல்வார்கள். இடையில் இருக்கும் அந்த ஒரு நாள் இரண்டு நாள் அவனோடு யார் இருப்பது? கூட ஆள் அனுப்ப வழியில்லை என்றால் வேனைக் கூப்பிடாதீர்கள் என்பேன். கூப்பிட்டால் ரத்த அழுத்தம், சர்க்கரை, காசநோய் சளிப் பரிசோதனை எல்லாம் சேர்த்து 'மருத்துவ முகாம்' என்று போடுங்கள், பிரதான சாலையில் இல்லாமல் ஒரு தெரு தள்ளி. வரிசையில் நிற்பவன் எதற்கு நிற்கிறான் என்று யாருக்கும் தெரியாது. பதினெட்டு வயது ஆகாதவர்களுக்குப் பெற்றோர் அல்லது பாதுகாவலர் ஒப்புதல் இல்லாமல் எடுக்க முடியாது என்பதையும் முன்கூட்டியே சொல்லிவைக்கவேண்டும், இல்லாவிட்டால் வரிசையில் வந்து நின்ற பிறகு திருப்பி அனுப்பவேண்டி வரும்.

இனி நான் ஓட்டு போடும் டீக்கடைக்கு வருகிறேன். அதே வேலை செய்யும் ஆட்களிலேயே ஆறேழு பேரைத் தேடிப் பிடிக்கவேண்டும். ஒரு சிங்கர் டைலர், ஒரு அயர்ன் மாஸ்டர், இந்தி பேசும் ஒருவர் கட்டாயம். மூன்று நாள் பயிற்சி. அப்புறம் ஞாயிற்றுக்கிழமை மாலை இரண்டு மணி நேரம், வழக்கமாக உட்காரும் அதே டீக்கடை, அதே பெஞ்சு. பேனர் கிடையாது, சட்டையில் பேட்ஜ் கிடையாது. கல்லூரி மாணவர்களை இதற்கு அனுப்பவேண்டாம். அவர்கள் நல்ல பிள்ளைகள்தான், ஆனால் அவர்கள் பேச ஆரம்பித்ததும் பெஞ்சில் இருப்பவன் கால் மேல் போட்ட காலை எடுத்துவிடுகிறான். அப்புறம் அவன் எங்கே கேள்வி கேட்பான்?

2000-களின் தொடக்கத்தில் தமிழ்நாடு முழுக்கச் சுவரிலும் பலகையிலும் "புள்ளி ராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா?" என்று ஒரு விளம்பரம் வந்ததை நினைவிருக்கிறவர்கள் இருப்பீர்கள். ராஜா என்று பெயர் வைத்துக்கொண்டவர்கள் அப்போது பட்ட பாடு தனிக்கதை. அது ஏன் எடுபட்டது என்று யோசித்துப் பார்த்திருக்கிறேன். அது ஒரு கேள்வியாக இருந்தது, பதிலைப் பேசி முடித்தது டீக்கடைகள். அத்தனை பெரிய விளம்பரத்துக்கும் கடைசியில் பெஞ்சுதான் தேவைப்பட்டது.

பெஞ்சில் கேட்கிற கேள்விகள் நாடகத்தில் வராதவை. ஒரு தடவை போனால் வருமா? (ஒரு தடவையிலும் வரலாம், ஒவ்வொரு தடவையும் வந்தே தீரும் என்றும் இல்லை.) போன வாரம் போனேன், இன்று டெஸ்ட் எடுத்தால் தெரியுமா? (தெரியாமல் போகலாம். கிருமி நுழைந்து சில வாரம் ஆகும் ரத்தத்தில் காட்ட, உறுதிக்கு மூன்று மாதம் கழித்தும் ஒரு முறை பார்க்கவேண்டும்.) வலி மாத்திரையைக் கரைத்து ஊசியில் ஏற்றிக்கொள்ளும் பழக்கம் இப்போது நம் ஊர் இளைஞர்களிடமும் வந்துவிட்டது. ஒரே சிரிஞ்சை நாலு பேர் மாற்றிக்கொள்கிறார்கள். 'தப்பான உறவால் வருவது' என்று மட்டுமே கேட்டு வளர்ந்தவனுக்கு இதில் எச்.ஐ.வி. இருக்கும் என்று தோன்றுவதே இல்லை. ஆணோடு உறவு வைத்திருக்கும் பையன் அதை எந்தக் கூட்டத்திலும் கேட்கமாட்டான். 2018-இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு சட்டம் அவனைக் குற்றவாளியாகப் பார்ப்பதில்லை, லைன்வீடு இன்னும் பார்க்கிறது.

எல்லாவற்றையும்விட, நேரம் சம்பந்தப்பட்ட ஒரு பதில் இருக்கிறது. காண்டம் கிழிந்துவிட்டது, அல்லது போடவே இல்லை என்றால் 72 மணி நேரத்துக்குள் தடுப்பு மருந்தை ஆரம்பிக்கவேண்டும், 28 நாள் சாப்பிடவேண்டும். சனிக்கிழமை ராத்திரி நடந்தது என்றால் செவ்வாய் ராத்திரியோடு கெடு முடிந்தது, அதற்குள்ளும் எவ்வளவு சீக்கிரம் போகிறானோ அவ்வளவு நல்லது. ஞாயிறு மாலை டீக்கடையில் கேட்கிறவனை அப்படியே அரசு மருத்துவமனைக்குக் கூட்டிக்கொண்டு போகலாம். பேனரில் இதை எழுதி வைத்தாலும் படிப்பவன் தனக்கு வேண்டியது என்று அப்போது நினைக்கமாட்டான்.

குறை இல்லையா என்றால் நிறைய. ஒரு மாலையில் ஒரு ஆள் உருப்படியாக ஐந்தாறு பேரிடம் பேசினால் அதிகம். பயிற்சி கொடுத்த பையன் தீபாவளிக்கு ஊருக்குப் போவான், திரும்பி வரும்போது வேறு கம்பெனி, வேறு ஏரியா. அரைகுறையாகப் புரிந்துகொண்டு தப்பாகச் சொல்லிவிடுவார்கள், அதனால் மாதம் ஒருமுறை உட்காரவைத்துத் திரும்பப் பேசவேண்டும். இவையெல்லாம் சமாளிக்கக் கூடியவை.

சமாளிக்க முடியாமல் போனது ஒன்று நடந்தது. எங்கள் பையன் ஒருவன், வேண்டுமென்று இல்லை, பேச்சுவாக்கில், இன்னார் டெஸ்டுக்குப் போனார் என்று அறையில் சொல்லிவிட்டான். முடிவு 'இல்லை' என்றுதான் வந்திருந்தது. இருந்தும் அந்த வாரமே அவர் அறையைக் காலி செய்துவிட்டுப் போனார், எங்கே என்று தெரியவில்லை. 2018 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த 2017-ஆம் ஆண்டு எச்.ஐ.வி., எய்ட்ஸ் சட்டம், ஒருவரின் எச்.ஐ.வி. நிலையை அவர் ஒப்புதலின்றி வெளியிடக்கூடாது என்கிறது. சட்டத்தை நாங்கள் பயிற்சியில் படித்துக் காட்டியிருந்தோம்தான். இப்போது மூன்று நாளில் ஒரு முழு நாள் வாயை மூடிக்கொண்டிருக்கும் பயிற்சிக்கே போகிறது. யாருடைய பெயரையும் எழுதிவைப்பதில்லை. பதினெட்டுக்குக் கீழே இருக்கும் பிள்ளை யாராவது தனக்கு நேர்ந்த கொடுமையைச் சொன்னால் தானே தீர்க்கப் பார்க்காமல் உடனே பொறுப்பாளரிடம் வரவேண்டும் என்பதும் பயிற்சியில் உண்டு. குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டப்படி புகார் தெரிவிக்கவேண்டிய கடமை நமக்கு இருக்கிறது, குழந்தைகளுக்கான உதவி எண் 1098 இருக்கிறது.

டீக்கடை பெண்களுக்கான இடம் இல்லை என்ற குறையை நான் கடைசியில்தான் உணர்ந்தேன், என் மனைவி சொல்லி. பெண் பிள்ளைகள் கம்பெனி ஹாஸ்டலில் இருக்கிறார்கள், ஞாயிற்றுக்கிழமை கூட்டமாக வெளியே வந்து கூட்டமாகத் திரும்புகிறார்கள். அவர்களிடம் பெண்கள்தான் பேச முடியும், பேச்சும் எச்.ஐ.வி.யில் தொடங்காது. வெள்ளைப்படுதல், மாதவிலக்கு வலி என்று ஆரம்பித்து மூன்றாவது நான்காவது சந்திப்பில்தான் மற்றது வரும். அதற்குத் தனித் திட்டமும் வார்டனின் அனுமதியும் வேண்டும். ஆண்களுக்குப் போட்ட திட்டத்தில் ஒரு வரியாகச் சேர்த்து ஏமாற்றக்கூடாது.

ஐந்தாவதாக செல்போன் இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. உறவுக்கு ஆள் தேடுவதே இப்போது ஆப்பில்தான் என்பதால் பூங்காவிலும் பேருந்து நிலையத்திலும் நின்று பிடிக்க முடியாதவர்கள் பெருகிவிட்டார்கள். ஆனால் அது தெரு வேலை தெரிந்தவர்கள் செய்யும் வேலை அல்ல. எங்களால் முடிந்தது, 1097 என்ற கட்டணமில்லாத எச்.ஐ.வி. உதவி எண்ணை எல்லாருடைய போனிலும் பதியவைப்பது. பெயர் சொல்லாமல் கேட்கலாம், இந்தியிலும் கேட்கலாம். 'மெக்கானிக்' என்ற பெயரில் பதிந்துகொண்ட பையன்கள் இருக்கிறார்கள்.

முடிவாக எதைத் தேர்வு செய்வது? உங்களிடம் ஒரே ஒரு நாள்தான் இருக்கிறது என்றால் நாடகமே போடுங்கள், பாடையில் முடியாத கதையோடு. உங்கள் ஆட்கள் கூட்டத்துக்குள் கலந்து பின்வரிசையில் நிற்கட்டும், முடிந்த பிறகு ஒரு மணி நேரம் யாரும் வண்டி ஏறவேண்டாம். மூன்று மாதம் இருக்கிறது, பணம் ஒரு வேலைக்குத்தான் போதும் என்றால் யோசிக்காமல் டீக்கடை. இன்னும் கொஞ்சம் இருந்தால், தொடக்கத்தில் ஒரே ஒரு நாடகம், அப்புறம் வாராவாரம் பெஞ்சு, இடம் எது ஆள் யார் என்று பிடிபட்ட பிறகு ஒரு ஞாயிறு மட்டும் வேன். இந்த வரிசையைத் தலைகீழாக்கி முதலில் வேனைக் கூப்பிட்ட வருடம் எங்களுக்குக் கிடைத்தது சர்க்கரை நோயாளிகள் மட்டும்தான். அவர்களுக்கு நல்லதாயிற்று.

பணம் கொடுப்பவர்களின் படிவத்தில் 'சென்றடைந்தவர்கள்' என்று ஒரு கட்டம் இருக்கும். நாடகம் போட்டால் அதில் 300 என்று எழுதலாம், டீக்கடைக்கு 30 என்று எழுதவேண்டும். அந்தக் கட்டத்துக்காகத்தான் பலரும் பறையைக் கூப்பிடுகிறார்கள், நாங்களும் கூப்பிட்டிருக்கிறோம். இந்த முறை, எத்தனை பேர் தாமாகக் கேள்வி கேட்டார்கள், எத்தனை பேரோடு மையம் வரை கூடப் போனோம் என்று இரண்டு கட்டம் நாங்களே வரைந்து சேர்த்து அனுப்பினோம். மறுப்பு ஒன்றும் வரவில்லை. பறைக்கு ஒரு நாள் கூலி போக மீதிப் பணம் டீக்கும் பயணத்துக்கும் ஒதுக்கியாயிற்று. டீக்கடைக்காரர் ரசீது தரமாட்டார் என்பதுதான் இப்போது எங்கள் பொருளாளரின் கவலை.